விசிறியைக் கழற்றி அளந்த குதிரைத்திறன்

மஸில் கார் என்றால் எது? அமெரிக்காவில் கார்ப் பைத்தியம் பிடித்த நாலு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், சாப்பாடு ஆறி அவலாகும்வரை வாதம் ஓடும். நான் டெட்ராய்ட் பக்கத்தில் பதினான்கு வருடங்களாகக் காரின் சத்தத்தையும் அதிர்வையும் அளக்கும் வேலை பார்க்கிறேன். அதனால் இந்த வாதத்தை நான் கேட்ட அளவுக்கு என் அம்மா சீரியல்கூடப் பார்த்திருக்க மாட்டார். கேண்டீனில் கேட்டிருக்கிறேன், பரிசோதனைக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களிடம் கேட்டிருக்கிறேன். இந்த வாதம் காரைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியது அது. பெண்களுக்கு இந்த வகை வாதம் புதிதில்லை.

முதலில் காரைப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்ளும் வரையறை இது: அமெரிக்கத் தயாரிப்பு. நடுத்தர அளவு உடல். இரண்டு கதவு. பின்சக்கர இயக்கம். பெரிய காருக்காகச் செய்த பெரிய வி8 இன்ஜினைத் தூக்கி இந்தச் சிறிய உடலுக்குள் வைத்திருக்க வேண்டும். விலை சாதாரண ஆளுக்கு எட்ட வேண்டும். காலம், சுமார் 1964 முதல் 1972 வரை.

கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியையும் இழுத்தால் கையோடு வந்துவிடும். 1949இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88 இலகுவான உடலில் புது வி8 இன்ஜினை வைத்ததுதானே, அது ஏன் முதல் மஸில் கார் இல்லை என்று ஒருவர் கேட்பார். 1955 கிரைஸ்லர் 300 அப்போதே 300 குதிரைத்திறன் கொடுத்ததே என்பார் இன்னொருவர். அது பணக்காரன் வண்டி, சேர்க்காதே என்று மறுப்பு வரும். கார்வெட்? அது ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். மஸ்டாங்? அது அளவில் சின்னது, அதற்குப் 'போனி கார்' என்று தனிச் சாதி. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1960களில் பத்திரிகைகள் இந்தக் கார்களைப் பெரும்பாலும் 'சூப்பர் கார்' என்றுதான் எழுதின. 'மஸில்' என்ற பெயர் எல்லோர் வாயிலும் நிலைத்தது பிற்பாடுதான். அதாவது ஒரு காலம் முடிந்த பிறகு, அந்தக் காலத்துக்கு ஆண் உடம்பிலிருந்து ஒரு பெயர் எடுத்து நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள்.

எல்லோரும் அதிகம் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே கார் 1964 மாடல் பான்டியாக் ஜிடிஓ. அதன் பிறப்பே ஒரு விதியைச் சுற்றிக்கொண்டு போன கதை. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உள்விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல வி8 இன்ஜினை டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரணக் காருக்குள் வைத்தார்கள். புது மாடல் என்று சொன்னால் தலைமையகம் அனுமதிக்காது. ஆகவே 'கூடுதல் வசதி' என்ற பெயரில், 300 டாலருக்கும் குறைவான விலைக்கு விற்றார்கள். முதலில் 5,000 விற்றால் போதும் என்று இருந்தார்கள். அந்த ஒரு வருடத்திலேயே 32,000க்கு மேல் போனது. பெயரைக்கூட ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். விதியை மீறிய ஆண்களின் கதையை நிறுவன உலகம் சாகசமாகச் சொல்லும். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதே நிறுவனங்களில் விதியை மீறக்கூட வேண்டாம், உள்ளே நிற்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்த பெண்களும் இருந்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல் 1950களில் ஒரு பெண்கள் குழுவை வேலைக்கு எடுத்தார். விளம்பரப் பிரிவு அவர்களுக்கு 'டாம்செல்ஸ் ஆஃப் டிசைன்' என்று பெயர் வைத்தது. நம் ஊரில் 'வடிவமைப்பு வனிதையர்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி. அந்தப் பெண்களுக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர்கள் தொழில்முறை வடிவமைப்பாளர்கள். 1958இல் அவர்கள் வடிவமைத்த கார்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தார்கள். தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் சீட் பெல்ட் போன்ற யோசனைகள் அந்தக் கார்களில் இருந்தன. அதே வருடம் எர்ல் ஓய்வுபெற்றார், பில் மிட்செல் வந்தார். தன் மூத்த வடிவமைப்பாளர்களுக்குப் பக்கத்தில் பெண்கள் நிற்பதை அனுமதிக்கப் போவதில்லை என்ற பொருளில் அவர் பேசியதாக இத்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழு கலைந்தது. மிட்செல் 1977வரை அந்தப் பதவியில் இருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மஸில் கார் காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 'பெண்களுக்கு இந்தக் கார்களில் ஆர்வமே இல்லை, ஒருத்திகூட இவற்றை வடிவமைக்கவில்லை' என்று யாராவது சொன்னால் நான் இந்தத் தேதிகளைத்தான் எடுத்து வைப்பேன்.

வரையறையின் கடைசி வரிக்கு வருகிறேன். 'விலை சாதாரண ஆளுக்கு எட்ட வேண்டும்.' மற்ற எல்லா வரிக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த வரியை மட்டும் கேள்வி கேட்பதில்லை. யார் அந்தச் சாதாரண ஆள்? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முழுநேர வேலை பார்த்த ஆண் ஒரு டாலர் வாங்கினால், பெண் வாங்கியது சுமார் 59 சென்ட். 1968இல் பிளிமத் நிறுவனம் ரோட் ரன்னர் என்ற காரைக் கொண்டுவந்தது. ஆடம்பரம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு இன்ஜினை மட்டும் பெரிதாக வைத்த கார். ஆரம்ப விலை 2,896 டாலர். மலிவான மஸில் காருக்கு இன்றுவரை உதாரணமாகச் சொல்வது அதைத்தான். 59 சென்ட் வாங்கும் பெண்ணின் கையில் அந்த விலை என்னவாகும்? அவளுக்கு அது மலிவு வண்டி இல்லை.

சரி, கடன் வாங்கலாமே என்பீர்கள். அக்காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் கடன் கேட்டால், கணவன் கையெழுத்து எங்கே, அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கடன் தருவதில் பாலினமோ திருமண நிலையோ பார்க்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1974 அக்டோபரில். பான்டியாக் ஜிடிஓவின் முதல் கட்டக் கதை முடிந்த கடைசி மாடல் ஆண்டும் 1974தான். வண்டி போன பிறகு சாவி கொடுத்தார்கள்.

அதற்காகப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஃபோர்டு மஸ்டாங் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 1964 ஏப்ரல் 17. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே சிகாகோவில் ஒரு கடையில் ஒரு மஸ்டாங் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் 22 வயதுப் பள்ளி ஆசிரியை. பெற்றோரிடம் கடன் வாங்கி, வெளிர்நீலத்தில் கூரை திறக்கும் கார் ஒன்றை எடுத்தார். அமெரிக்காவில் விற்ற முதல் மஸ்டாங் என்று இன்று எல்லோரும் சொல்வது அந்தக் காரைத்தான். அதில் இருந்தது ஆறு சிலிண்டர் இல்லை, வி8.

ஆனால் மஸ்டாங்குக்கு ஒட்டிய பெயர் 'செக்ரட்டரி கார்'. ஆறு சிலிண்டர் இன்ஜினோடு மலிவாகக் கிடைத்த மஸ்டாங்கை அலுவலகப் பெண்கள் வாங்கினார்கள், அது கேலிக்குப் போதுமானதாக இருந்தது. ஹெலன் கர்லி பிரவுன் 1962இல் திருமணமாகாத பெண்ணின் பாலியல் வாழ்க்கை பற்றி எழுதிய புத்தகம் பரபரப்பாக விற்றது. அந்தத் தலைப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, 'ஆறு' சிலிண்டரையும் தனித்து வாழும் பெண்ணையும் ஜோடி சேர்த்து ஃபோர்டே ஒரு விளம்பரம் போட்டது. நிறுவனத்துக்கு அவள் பணம் வேண்டியிருந்தது. ரசிகர்களுக்கு அவள் வாங்கிய கார் வேண்டாமாக இருந்தது. இன்றும் வாதத்தில் 'மஸ்டாங் உண்மையான மஸில் கார் இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அளவைக் காரணம் காட்டுகிறாரா, அல்லது அந்தப் பழைய கேலி உள்ளே ஓடுகிறதா என்று நான் உற்றுக் கேட்பேன். அளவைக் காரணம் காட்டினால் அது நியாயமான வாதம். நானும் அந்தக் கட்சிதான். போனி கார் வேறு, மஸில் கார் வேறு. ஆனால் பல நேரம் இரண்டாவதுதான் ஓடுகிறது.

இன்னொரு காரைச் சொல்ல வேண்டும். 1955இல் டாட்ஜ் 'லா ஃபெம்' என்று பெண்களுக்காகவே ஒன்றைக் கொண்டுவந்தது. ரோஜா நிறமும் வெள்ளையும். உள்ளே அதே நிறத்தில் கைப்பை, லிப்ஸ்டிக் உறை, மழைக்கோட்டு, குடை. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. பெண்களுக்குக் கார் விற்கத் தெரியாத ஆண்களின் நகைச்சுவைக் கதையாக இது எல்லாப் புத்தகத்திலும் வரும். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த ரோஜா நிறக் காரின் மூக்குக்குள் இருந்ததும் வி8 இன்ஜின்தான். லிப்ஸ்டிக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படம் போட்டவர்களுக்கு, வாங்கப்போகிறவளிடம் இன்ஜினைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. நம் ஊரில் ஸ்கூட்டியை விற்கும்போது நிறத்தையும் சீட்டுக்கடியில் இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு, இன்ஜினைப் பற்றிக் கூட வந்திருக்கும் அண்ணனிடம் பேசும் கடைக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே ஆள்தான்.

ஓட்டிக் காட்டியவர்களும் உண்டு. ஷெர்லி ஷஹான் 1966இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில், பிளிமத் ஸ்டாக் காரில் ஆண்களை வரிசையாகத் தோற்கடித்துத் தன் பிரிவை வென்றார். தேசிய ஹாட் ராட் சங்கத்தின் தேசியப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் அவர். கடையில் விற்ற காரின் உறவுக்கார வண்டியில் வென்றார் என்பது முக்கியம். மஸில் காருக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. ஷெர்லி மல்டௌனி 1973இல் டாப் ஃப்யூயல் என்ற அதிவேகப் பிரிவில் ஓட்ட உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார். 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன். மூன்று முறை அந்தப் பட்டத்தை வென்ற முதல் மனிதரே அவர்தான். அவருடைய வண்டி இளஞ்சிவப்பு. லா ஃபெம்மில் பெண்மேல் பூசிய நிறத்தை அவர் தானாக எடுத்துப் பூசிக்கொண்டு ஓட்டினார்.

என் வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. 1971வரை அமெரிக்க நிறுவனங்கள் குதிரைத்திறனைச் சொன்னபோது பெரும்பாலும் 'கிராஸ்' அளவைச் சொன்னார்கள். இன்ஜினைத் தனியாக மேசைமேல் ஏற்றி, குளிர்விக்கும் விசிறி, ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அளந்தது. 1972 மாடல்களிலிருந்து 'நெட்' அளவு வந்தது. காரில் இருக்கும்போது இன்ஜின் எதையெல்லாம் சுமக்குமோ அதையெல்லாம் மாட்டிவிட்டு அளக்க வேண்டும். ஒரே வருடத்தில் காகிதத்தில் இருந்த எண்கள் தடாலென்று சரிந்தன. ஈயமில்லாப் பெட்ரோலுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் இன்ஜினின் அழுத்த விகிதத்தைக் குறைத்ததும் சேர்ந்துகொண்டது. ஆனால் சரிவில் ஒரு பெரிய பங்கு வெறும் அளவுமுறை மாற்றம். மஸில் கார் காலம் 1972இல் முடிந்தது என்று சொல்கிறவர்கள் பலர் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

எந்தப் பொறுப்பையும் மாட்டாமல் அளந்த எண்ணைத் திறமை என்று கொண்டாடுவதும், பொறுப்போடு சேர்த்து அளந்தால் வீழ்ச்சி என்று துக்கம் கொண்டாடுவதும் நமக்குப் பழக்கமான காட்சி. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆண்களின் வருட மதிப்பீடு கிராஸ் அளவு. இரவு எட்டு மணி மீட்டிங்குக்கு அவர்கள் வர முடியும், ஏனென்றால் விசிறி வேறு யாரோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டி வந்து, சோறு வைத்து, ஊரிலிருக்கும் மாமியாரின் மருந்துக்கு போன் பண்ணிவிட்டு அதே மீட்டிங்கில் உட்காரும் பெண்ணின் எண் நெட் அளவு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள்.

இந்தக் கார்களைச் செய்த கைகளையும் வாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை. டாட்ஜ் சேலஞ்சரும் பிளிமத் பாரகுடாவும் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த இடம் டெட்ராய்ட் நகரத்துக்குள் தீவுபோல இருக்கும் ஹாம்ட்ராமிக். அங்கிருந்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலையில் 1968 மே மாதம் தொழிலாளர்கள் முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்தினார்கள். அசெம்பிளி வரிசையின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனதுதான் காரணம். கருப்பினத் தொழிலாளர்களோடு போலிஷ் வம்சாவளிப் பெண்களும் அந்த வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். தண்டனை பெரும்பாலும் கருப்பினத் தொழிலாளர்கள் தலையில் விழுந்தது. அந்தக் கோபத்திலிருந்துதான் 'டிரம்' என்ற புரட்சிகர இயக்கம் பிறந்தது. கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பது ரசிகருக்குத் தெரியும். அந்தக் காருக்காக வரிசை எந்த வேகத்தில் ஓடியது என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். வேகத்தின் விலையை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

இன்றைக்கு வருவோம். இப்போது வாதம் மின்கார்மேல் வந்து நிற்கிறது. வி8 வைத்த டாட்ஜ் சேலஞ்சர், சார்ஜர் கார்களின் உற்பத்தி 2023 முடிவோடு நின்றது. அடுத்து வந்த சார்ஜர் டேடோனா மின்சாரத்தில் ஓடுகிறது. அதன் உச்ச மாடலில் 670 குதிரைத்திறன். 1970இல் சாலைக்கு வந்த எந்த மஸில் காரும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வரையறை 'பலம்' என்றால் கதை முடிந்தது. ஆனால் முடியவில்லை. 'சத்தம் எங்கே?' என்றார்கள். டாட்ஜும் பின்பக்கம் ஒலிபெருக்கியும் அறையும் வைத்து, எக்ஸாஸ்ட் போலவே உறுமும் ஏற்பாடு ஒன்றைச் செய்தது. உடனே 'அது பொய்ச் சத்தம்' என்றார்கள். பலத்தைக் கேட்டார்கள், கிடைத்தது. சத்தத்தைக் கேட்டார்கள், அதுவும் கிடைத்தது. இப்போது உண்மைத்தன்மையைக் கேட்கிறார்கள். மார்க் எடுத்தால் 'மனப்பாடம்', வேலை கிடைத்தால் 'கோட்டா', பதவி கிடைத்தால் 'அவளுக்கு யாரோ பிடித்திருக்கிறது' என்று ஒவ்வொரு படியிலும் புதுக் கேள்வியைச் சந்தித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கம்தான்.

அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், அது என் பிழைப்பு. அமெரிக்க வி8 இன்ஜினில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர்கள். மொத்தமாகப் பார்த்தால் கிராங்க் 90 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு வெடிப்பு, கச்சிதமான சீர். ஆனால் செவ்ரலேயின் பழைய வரிசையான 1-8-4-3-6-5-7-2 என்பதை எடுத்துக்கொண்டு, இடப்பக்கக் குழாயில் மட்டும் காதை வையுங்கள். வெடிப்புகளுக்கு இடையில் 270, 180, 90, 180 டிகிரி. சீரே இல்லை. நின்று, வந்து, அவசரமாக இன்னொன்று வந்து, மறுபடி நிற்கிறது. ரசிகர்கள் உருகும் அந்தக் 'குடுகுடு' இந்தச் சீரின்மைதான். அதில் வீரம் ஒன்றும் இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் வடிவம், இரண்டு தனிக் குழாய்கள், அவ்வளவுதான். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். மைக்கில் பதிவு செய்து அலைவரிசைகளாகப் பிரித்துத் திரையில் பார்க்கும்போது, தவில்காரர் வேண்டுமென்றே தள்ளி அடிக்கிற அடிபோல இருக்கும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மின்காருக்கு வெளிச்சத்தம் அமைக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. மெதுவாகப் போகும் மின்கார் சத்தம் எழுப்ப வேண்டும் என்பது இங்கே சட்டம். பார்வையற்றவர்கள் உட்பட நடந்து செல்பவர்களின் பாதுகாப்புக்காக வந்தது அது. எங்களிடம் கேட்டதோ சட்டத்துக்கு மேலே, 'மஸில் கார் மாதிரி' ஒரு சத்தம். எட்டு மாதிரிகள் செய்தோம். இரண்டிரண்டாகப் போட்டுக் கேட்கவைத்து எது பிடிக்கிறது என்று கேட்பது வழக்கம். எட்டு மாதிரிக்கு 28 ஜோடி. கேட்பவர்களுக்கு ஜூரி என்று பெயர். பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் ஆண்கள்.

எங்கள் குழுவில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி உண்டு. ஜனவரிக் குளிரில் பழைய வி8 காருக்குப் பின்னால் தரையில் படுத்து, குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் மைக் பொருத்தி, அசல் சத்தத்தையெல்லாம் பதிவு செய்தது அவள்தான். பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, சத்தத்த எடுத்தது நானு. கேக்கதுக்கு மட்டும் என் காது ஆவாதாக்கும்?"

மேலாளரிடம் போனேன். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. "இது மஸில் கார் வாங்குகிறவர்களுக்கான சத்தம். மஸில் கார் என்றால் என்னவென்று தெரிந்த காது வேண்டும்" என்றார். சரி என்றேன். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் ஒரு தாள் கொடுத்து, மஸில் கார் என்றால் என்ன என்று மூன்று வரியில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டேன். ஜூரியின் பின்னணியைப் பதிவு செய்வது எங்கள் முறைதான், யாரும் தடுக்கவில்லை.

தாள்கள் வந்தன. வி8 இல்லாமல் மஸில் கார் இல்லை என்றார் ஒருவர். 1972க்குப் பிறகு எதுவுமே இல்லை என்றார் இன்னொருவர். ஒருவர் மஸ்டாங்கை முதலில் எழுதியிருந்தார், அடுத்தவர் மஸ்டாங் இல்லவே இல்லை என்று அடிக்கோடு போட்டிருந்தார். ஒருவர் நான்கு கதவு இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: பார்த்தால் தெரியும். பன்னிரண்டு தாளுக்கும் பொருந்தக்கூடிய ஒரு காரை நான் தேடிப் பார்த்தேன், ஜிடிஓகூடத் தேறவில்லை. தாள்களை மேலாளர் மேசையில் வைத்து, "இவர்களுக்குத் தெரிந்தது என்னவென்று எனக்குச் சொல்லுங்கள், அதை அவளுக்கும் வைத்துச் சோதிப்போம்" என்றேன்.

அடுத்த சுற்றில் ஜூரியில் ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். முடிவைப் பார்த்தபோது, ஆண்களும் பெண்களும் முதலிரண்டு இடத்தில் வைத்தது அதே இரண்டு மாதிரிகளைத்தான். மீட்டிங்கில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வித்தியாசம் ஒன்றும் இல்லையே, பின் எதற்குப் பெண்களைச் சேர்த்தோம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அந்தத் திருநெல்வேலிப் பெண் கேட்டாள்: "வித்தியாசம் இல்லை என்றால் முதல் சுற்றில் எதற்கு விட்டீர்கள்?" அறையில் யாரும் பேசவில்லை. அறிக்கையில் பெண்களின் மதிப்பெண்களைத் தனி இணைப்பாகப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரே அட்டவணைக்குள் போட வைக்க எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. கார் சந்தைக்கு வரும்போது இந்த இரண்டு வாரம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெண்கள் வித்தியாசமாகக் கேட்பார்கள், மென்மையாக விரும்புவார்கள், அதனால் சேருங்கள் என்று நான் வாதாடியிருந்தால் அன்றைக்குத் தோற்றிருப்பேன். பெண்களிடம் ஏதோ சிறப்பு இருக்கிறது என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும் என்றால், அதுவும் லா ஃபெம்மின் கைப்பைதான். அந்த அறையில் இருப்பதற்கு ஓர் ஆணிடம் எந்த நிரூபணமும் கேட்கவில்லை. அவர்களுடைய பன்னிரண்டு தாளும் ஒன்றோடொன்று மோதியபோதும், அவர்களில் ஒருவரையும் 'தெரியாதவர்' என்று யாரும் சொல்லவில்லை. ஆண்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் அதற்கு வாதம் என்று பெயர். பெண் மாறுபட்டால் அறியாமை.

எனக்கும் ஒரு வரையறை உண்டு. நடுத்தர அளவு உடல், அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய பலம், சொந்தச் சம்பளத்தில், சொந்தக் கையெழுத்தில் ஒருவர் வாங்கக்கூடிய விலை. கதவு எத்தனை, சிலிண்டர் எத்தனை என்பதையெல்லாம் நான் பிறகு பேசத் தயார். இந்த வரையறைப்படி பார்த்தால் அமெரிக்கப் பெண்களுக்கு மஸில் கார் காலம் 1972இல் முடியவில்லை, 1974 அக்டோபருக்குப் பிறகுதான் தொடங்கவே முடிந்திருக்கும். கேண்டீன் மேசையில் இதைச் சொன்னபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஒருவர் தன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, நான் காரைப் பற்றிப் பேசாமல் வங்கியைப் பற்றிப் பேசுகிறேன் என்றார். விலையை வரையறைக்குள் கொண்டுவந்தது நீங்கள்தான் என்றேன். வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலிப் பெண்ணும் இப்போது அந்த மேசையில்தான் சாப்பிடுகிறாள். அவளுடைய கட்சி வேறு, என்னோடும் சண்டை போடுகிறாள். 1955 கிரைஸ்லர் 300ஐச் சேர்க்காமல் விடமாட்டாளாம்.